எட்டு மணிக்கு ஆறு நிமிஷம்

அத்தியாயம் 9

மூன்றாவது கடிதம் கதவுக்கடியில் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, நான் லாம்பர்ட் கோஸ்டரின் கட்டிலில் உட்கார்ந்து அவருடைய பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன். பாய்ந்து கதவைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பிஸ்கட் தொண்டையில் சிக்கி இருமினேன். இருமி முடித்து எட்டிப் பார்த்தபோது நடைவழியில் கம்பளம் மட்டும் இருந்தது.

கடிதத்தில் ஒரே வரி. "எட்டு மணிக்கு மேல் நீ பேச மாட்டாய்."

"முதல் ரெண்டு கடுதாசியிலயும் 'பேசினால்'னு இருந்துச்சு," என்றாள் வில்மா ஹூக்ஸ்ட்ரா. "இதுல அது இல்ல. ஆள் முடிவு பண்ணிட்டான்."

வில்மா என் முதலாளி. இருபது வருஷம் நதிப் போலீஸில் இருந்துவிட்டு, மேலதிகாரிகளோடு சண்டை போட்டு வெளியே வந்து துப்பறியும் தொழில் நடத்துகிறாள். உப்புப் போட்ட அதிமதுர மிட்டாயை ஓயாமல் மெல்லுவாள். மெல்லுவது நின்றால் நான் பயப்பட வேண்டும் என்று அர்த்தம். என் பெயர் யோரிஸ். பயப்படுவதற்கு எனக்கு அவ்வளவு காரணம் தேவையில்லை.

"மேடம், இப்பவே கரைக்கு இறங்கி இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

"நீ போ தம்பி," என்றார் லாம்பர்ட். "நான் வரல."

அவருக்கு எண்பத்தைந்து வயது. ரைன் ஆற்றில் நாற்பது வருஷம் மணல் படகு ஓட்டியவர். 'வெள்ளை அன்னம்' என்ற இந்தச் சுற்றுலாக் கப்பல், இரண்டாம் உலகப் போர் நடந்த இடங்களைக் காட்டிக்கொண்டு நாலு நாளாக ஆற்றில் போய்க்கொண்டிருக்கிறது. பாலம், பதுங்குகுழி, கல்லறைத் தோட்டம், மதியச் சாப்பாடு, மறுபடியும் கல்லறைத் தோட்டம். முதல் நாள் விருந்திலேயே லாம்பர்ட் எழுந்து நின்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்: "மே நாலாம் தேதி எட்டு மணி மௌனம் முடிஞ்சதும், எட்டு ரெண்டுக்கு என் கையில மைக்கைக் கொடுங்க. ஓஸ்டர்டைக் பண்ணை வீட்டு மச்சுல ஒளிஞ்சிருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். எழுபத்து நாலு வருஷமா சொல்லாத பேரையெல்லாம் சொல்றேன்."

மறுநாள் காலை முதல் கடிதம் வந்தது. அவருடைய மகள் எங்களுக்குப் போன் செய்தாள். நானும் வில்மாவும் அத்தை, மருமகன் என்று பொய் சொல்லிக் கப்பலில் ஏறினோம்.

இன்று மே நாலு. போரில் செத்தவர்களை நினைத்து, சாயங்காலம் எட்டு மணிக்கு எங்கள் நாடே இரண்டு நிமிஷம் அசையாமல் மௌனமாக நிற்கும் நாள். கப்பல் அதே ஓஸ்டர்டைக் படகுத்துறையில்தான் கட்டியிருந்தது.

"பெரியவரே, அந்தப் பேரை எங்கிட்டயாவது சொல்லுங்க," என்றாள் வில்மா. "யாருக்குப் பயம்னு தெரிஞ்சா, யாரைப் பார்க்கணும்னு தெரியும்."

"எட்டு ரெண்டுக்குச் சொல்றேன். எல்லாரோடயும் சேர்ந்து கேட்டுக்கோங்க."

"அதுக்கு முன்னாடி உங்களைக் கொன்னுட்டா?"

"அப்ப நீங்க வாங்குற சம்பளம் எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டார் கிழவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் சாகக் கூடாது என்று மனசார நினைத்தேன். கூடவே, அந்தக் கொலைகாரன் வரும்போது நான் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றும் நினைத்தேன். இரண்டுமே உண்மை.

அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வயதானவர்கள் உள்ளே விழுந்து கிடந்தால் திறக்க முடியாது என்று கழற்றியிருந்தார்கள். பூட்டு மட்டும்தான். அதைத் திறக்க லாம்பர்ட்டின் சாவி வேண்டும், இல்லையென்றால் எல்லா அறையையும் திறக்கும் மாஸ்டர் சாவி வேண்டும்.

"மாஸ்டர் சாவி யார்கிட்ட இருக்குன்னு பார்ப்போம்," என்றாள் வில்மா. எங்களிடம் இருந்த துப்பு அது ஒன்றுதான்.

கேப்டன் ஹார்ம் ஆறடி நாலங்குலம் உயரம். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாதவர். நாங்கள் யார் என்று கப்பலில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"மாஸ்டர் சாவி எத்தனை?"

"ரெண்டு." ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். இன்னொன்றுக்காகத் தன் அறைச் சுவரைக் காட்டினார். சுவரில் ஆணி இருந்தது. சாவி இல்லை.

கேப்டன் ஆணியைத் தடவிப் பார்த்தார். "மத்தியானம் இருந்துச்சே."

"இந்த ரூமுக்கு யார் யார் வருவாங்க?"

"எல்லாரும்தான். காபி மிஷின் இங்கதான் இருக்கு."

எங்கள் நாட்டில் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. காபி இருக்கும் இடத்துக்கு அறுபது பயணிகளும் பன்னிரண்டு ஊழியர்களும் வந்திருப்பார்கள். பாதிப் பேர் இரண்டாவது பிஸ்கட் கிடைக்குமா என்று பார்த்துவிட்டும் போயிருப்பார்கள்.

"அப்ப எழுபத்திரெண்டு பேர்ல எவனோ ஒருத்தன்," என்றேன். என் குரலே எனக்குக் கீச்சென்று கேட்டது. "மேடம், என்னை அந்த ரூம் வாசல்ல மட்டும் நிக்கச் சொல்லாதீங்க."

"நீ நிக்க வேண்டாம். யோசிச்சுப் பாரு. எட்டு மணிக்கு எல்லாரும் மேல்தளத்துல நிப்பாங்க. சமையக்காரன்கூட வருவான். கீழே போக உள்ள ரெண்டு படிக்கட்டும் மேல்தளத்துலேர்ந்துதான் இறங்குது. நீ இடது பக்கத்தை எண்ணு, நான் வலது பக்கத்தை எண்ணுறேன். மத்த எழுபத்தியோரு பேரும் மேலே இருந்தா, கீழே பெரியவர் ஒருத்தர்தான். அவர் மேலே வரும்போதுதான் ஆபத்து. அப்ப நாம ரெண்டு பேரும் அவரை ஒட்டியே நிப்போம்."

நல்ல கணக்கு. ஒரே ஒரு ஆளை விட்டுவிட்ட கணக்கு. அது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

நாங்கள் மேலே வந்தபோது எடோ ஸ்னைடர் சைக்கிளோடு இறங்கு பலகையருகே நின்றுகொண்டிருந்தார். எங்கள் வரலாற்று வழிகாட்டி; பயணியும் இல்லை, கப்பல் ஊழியரும் இல்லை. ஒவ்வொரு கல்லறையிலும் அழுவார், அதுவும் நிஜக் கண்ணீர். அவருடைய அப்பா வில்லெம் ஸ்னைடர் போர்க்காலத்தில் எதிரிகளை எதிர்த்து ரகசியமாகப் போராடியவர், பதக்கம் வாங்கியவர். ஓஸ்டர்டைக் தேவாலயச் சதுக்கத்துக்கே அவர் பெயர்தான். ஒவ்வொரு வருஷமும் எட்டு மணிக்கு அந்தச் சதுக்கத்தில் மேயர் பக்கத்தில் நின்று மலர்வளையம் வைப்பது மகன் எடோதான். சைக்கிளின் முன்கூடையில் வளையம் தயாராக இருந்தது.

"போனை எல்லாம் அந்த மேஜைமேல இருக்கிற கூடையில போட்டுருங்க," என்றார் எல்லாரிடமும். "போன வருஷம் மௌனத்துக்கு நடுவுல ஒருத்தரோட போன்ல கல்யாணப் பாட்டு அடிச்சிருச்சு. என்னால தாங்க முடியல."

எல்லாரும் போட்டார்கள். அத்தையும் மருமகனும் போட்டார்கள். மாட்டேன் என்றால் சந்தேகம் வந்துவிடும்.

"கோஸ்டர் ஐயா மேலே வரலையா?" என்று கேட்டார் எடோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ரெண்டு நிமிஷமும் கீழே அவர் ரூம்லயே நிப்பாராம்," என்றேன் நான். "முடிஞ்சதும்தான் வருவார்."

என் வாய் அது. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

எடோ போய் வரவேற்பறையில் இருந்த ஒலிப்பெட்டியைத் தட்டிவிட்டார். தலைநகரத்து நிகழ்ச்சி ஒலிபெருக்கியில் கேட்க ஆரம்பித்தது. பிறகு சைக்கிளில் ஏறி, எல்லாருக்கும் கையாட்டிவிட்டு, கரைமேட்டுப் பாதையில் ஊரை நோக்கிப் போனார். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மே மாதத்து எட்டு மணியில் நல்ல வெளிச்சம் இருக்கும். கொடி அரைக்கம்பத்தில் இருந்தது. காற்று எங்களிடமிருந்து ஊர்ப் பக்கமாக வீசியதால், ஊரிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எதிரே ரயில் பாலம். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடங்கள்."

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நாற்பத்து நாலு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு அறைக் கடிகாரம் ஏழு ஐம்பது காட்டியது. "சே," என்று முள்ளைத் திருகி ஆறு நிமிஷம் முன்னால் வைத்தேன். "காலையிலதான் ரயில் நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்து வச்சேன். அதுக்குள்ள ஆறு நிமிஷம் தூங்கிருச்சு. என்னை மாதிரியே இருக்கு."

வில்மா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற பெரியவரும் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொடிக்கம்பத்தருகே ஓர் அம்மாள். மே நாலாம் தேதி தலைநகரத்து ஒலிபரப்பு எட்டு என்று சொன்னால் அதுதான் எட்டு. நம் கையில் கட்டியிருப்பதுதான் தப்பு. நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள்.

எண்ணினோம். என் பக்கம் முப்பத்தொன்பது. வில்மா பக்கம் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து முப்பத்திரண்டு. லாம்பர்ட் கீழே. எழுபத்திரண்டும் சரியாக வந்தது.

"அப்பாடா," என்று மூச்சு விட்டேன்.

ஒலிபெருக்கியில் மணி அடித்து ஓய்ந்தது. எக்காளம் ஊதினார்கள். பிறகு ஒன்றுமில்லை.

மௌனம் தொடங்கியது.

எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். கேப்டன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தண்ணீர் கப்பலின் பக்கத்தில் உரசுவது மட்டும் கேட்டது. சின்ன வயதிலிருந்து இந்த இரண்டு நிமிஷத்தில் நான் மூக்கைக்கூடச் சொறிந்தது கிடையாது. ஆறு வயதில் ஒரு தடவை தும்மிவிட்டேன். அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அரை நிமிஷம் போயிருக்கும். பாலத்தில் தடதடவென்று சத்தம்.

ரயில். எங்கள் ஊர் மஞ்சள் ரயில், ஜன்னலெல்லாம் ஆட்களோடு, முழு வேகத்தில் பாலத்தைக் கடந்து போனது.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அறுபது பேர் மனதிலும் அந்த டிரைவருக்கு அர்ச்சனை நடந்திருக்கும். நானும் செய்தேன். மே நாலாம் தேதி எட்டு மணிக்கு ரயிலை ஓட்டுகிறானே, மானங்கெட்டவன், இவனை நாளைக்கே வேலையை விட்டுத் தூக்க வேண்டும்.

அப்போதுதான் கவனித்தேன். வில்மாவின் தாடை நின்றுவிட்டது.

அவள் ரயிலைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பார்த்தாள். பக்கத்துப் பெரியவரின் மணிக்கட்டைப் பார்த்தாள். என்ன என்று கேட்க வேண்டும், கேட்க முடியாது. மௌனம். அவளும் ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பிறகு ஓடினாள்.

மரத்தளத்தில் அவள் பூட்ஸ் எழுப்பிய சத்தம் ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அறுபது தலைகள் நிமிர்ந்தன. அத்தனை கண்களிலும் அருவருப்பு. ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. ஓடினால் இவர்கள் என்னை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஓடாவிட்டால் வில்மா தனியாகப் போகிறாள்.

ஓடினேன். கேப்டன் ஒரு வார்த்தையும் பேசாமல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். படிக்கட்டில் பாதி இறங்கிய வில்மா திரும்பிக் கத்தினாள்: "விடுங்க அவனை! இது எட்டு மணி இல்ல!"

கேப்டனின் பிடி தளர்ந்தது. நான் படிகளில் இறங்கினேன் என்பதைவிட விழுந்தேன் என்பது சரி.

கீழே நடைவழி நீளமாக, காலியாக இருந்தது. பதினாலாம் நம்பர் அறையின் கதவு ஒரு கையகலம் திறந்திருந்தது. பூட்டில் மாஸ்டர் சாவி தொங்கியது.

உள்ளே நான் பார்த்தது இன்னும் என் தூக்கத்தில் வருகிறது. லாம்பர்ட் ஜன்னலைப் பார்த்து, முதுகை எங்களுக்குக் காட்டி, தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் எடோ ஸ்னைடர். கையில் கப்பல் கயிறு. அது கிழவரின் தலைக்கு மேலே போய், கழுத்துக்கு இறங்கிவிட்டிருந்தது.

கிழவர் அசையவில்லை. கத்தவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை.

வில்மா எடோவின் வலது கையைப் பிடித்து முறுக்கினாள். நான் வீரத்தோடு பாய்ந்திருப்பேன், ஆனால் வாசல் கம்பளத்தில் கால் தடுக்கித் தலைகுப்புறப் போய் எடோவின் முட்டிக்குப் பின்னால் விழுந்தேன். அவர் என் மேல் விழுந்தார். வில்மா அவர் மேல் உட்கார்ந்தாள். கேப்டன் பின்னாலேயே வந்து அவருடைய இரண்டு கையையும் ஒரே கையில் அள்ளிப் பிடித்தார். என் மூக்கில் ரத்தம் வந்தது.

ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஆரம்பித்தது.

லாம்பர்ட் தொப்பியைத் தலையில் வைத்தார். கழுத்திலிருந்த கயிற்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். மெதுவாகத் திரும்பினார்.

"யாரு இங்க சத்தம் போட்டது?" என்றார் கோபமாக.

"ஐயா," என்று நான் தரையிலிருந்தே அலறினேன், "உங்களைக் கொல்ல வந்தாரு!"

"தெரியும். ஜன்னல் கண்ணாடியில அவன் மூஞ்சி தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் கத்தல?"

கிழவர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் முடியலையே தம்பி."

எடோ நம்பி வந்ததே அதைத்தான் என்று அப்போது புரிந்தது. வாசல்வரை வந்தாலும், கயிறு கழுத்தில் விழுந்தாலும், இந்தக் கிழவர் அந்த இரண்டு நிமிஷத்தில் வாயைத் திறக்க மாட்டார். அது எடோவுக்குத் தெரிந்திருந்தது.

"ஆனா இவர் ஊருக்குப் போனாரே!" என்றேன். "நாமதானே பார்த்தோம்!"

"அதனாலதான் எண்ணும்போது இவரை விட்டுட்டோம்," என்றாள் வில்மா. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "கப்பல்ல இருந்தவங்களை எண்ணினோம். இறங்கிப் போனவரை எண்ணல. கேப்டன், சமையலறைச் சரக்குக் கதவுப் பக்கம் பாருங்க. சைக்கிள் அங்கதான் இருக்கும். சமையக்காரங்க எல்லாரும் மேலே. அந்த வழியா வர யார் தடுப்பா?"

"எட்டு மணி இல்லன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒருத்தன் வாட்ச் தப்பா இருக்கலாம். உன்னோடது, பக்கத்துல ரெண்டு பேரோடது, அந்த அம்மாவோடது, நாலுமே ஒரே மாதிரி ஆறு நிமிஷம் தப்பாவா இருக்கும்? அப்பவே மண்டையில உறைச்சிருக்கணும். ரயில் வந்துதான் உறைச்சுது. நீங்க எல்லாரும் டிரைவரைத் திட்டினீங்க. இந்த நாட்டுல மே நாலு எட்டு மணிக்கு மஞ்சள் ரயில் ஓடாது யோரிஸ். ஓடுதுன்னா, அப்ப எட்டு ஆகல."

கேப்டன் ஒரு கையால் எடோவைப் பிடித்தபடி இடுப்பிலிருந்த பழைய கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "ஏழு அம்பத்தேழு," என்றார்.

"போன வருஷத்து ஒலிபரப்பைப் பதிவு பண்ணி வச்சு, ஆறு நிமிஷம் முன்னாடி ஓடற மாதிரி தட்டிவிட்டுட்டுப் போயிருக்காரு. சாப்பாட்டு அறைக் கடிகாரத்தையும் தள்ளி வச்சுட்டாரு. போனையெல்லாம் கூடையில வாங்கிட்டாரு. இங்க வேலையை முடிச்சு சைக்கிள்ல போனா, நிஜமான எட்டு மணிக்கு சதுக்கத்துல மேயர் பக்கத்துல, ஊரே பார்க்க நிப்பாரு. கோஸ்டர் எப்ப செத்தார்னு கேட்டா நாம எழுபது பேரும் என்ன சொல்லுவோம்? மௌனத்துல, எட்டு மணிக்குன்னு சத்தியம் பண்ணுவோம். எட்டு மணிக்கு எடோ எங்கேன்னு கேட்டா? ஊரே சத்தியம் பண்ணும்."

எடோ தலையைத் தூக்கவில்லை. "அப்பா பேரை இவர் நாறடிக்கப் போறாரு," என்றார். இப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தார். "எனக்கு வேற வழி தெரியல."

வில்மா என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "ரயிலைப் பார்த்ததும் புரிஞ்சிருச்சு. ஆனாலும் மௌனத்தைக் கலைக்கலாமா வேண்டாமான்னு ஏழு செகண்ட் நின்னேன். எண்ணிட்டேன். அந்த ஏழு செகண்ட்ல பெரியவர் செத்துப் போயிருக்கலாம்." மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

லாம்பர்ட் கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். "மைக் எங்க?"

எல்லாரும் மேலே ஏறினோம். மேல்தளத்தில் கூச்சலும் குழப்பமும். கேப்டன் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். விஷயத்தைத் தன் வழக்கப்படி எட்டே வார்த்தைகளில் சொன்னார்: "நாம நின்னது பொய். எட்டு இனிமேதான் வருது. நில்லுங்க எல்லாரும்."

காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. ஊர்ப் பக்கமிருந்து, மிக லேசாக, தேவாலய மணி கேட்டது. அது நின்றது.

பாலத்தின் நடுவில் எதிர்த்திசையிலிருந்து வந்த ரயில் வேகம் குறைந்து, முனகிக்கொண்டு நின்றது. கரைமேட்டுப் பாதையில் ஒரு கார் நின்றது. சைக்கிளில் வந்த பெண் இறங்கித் தலையைக் குனிந்தாள்.

கேப்டன் ஹார்ம் தொப்பியைக் கழற்றினார். அதை நெஞ்சோடு பிடிக்க இரண்டு கையும் வேண்டும். எடோவை விட்டுவிட்டார்.

இறங்கு பலகை எடோவுக்கு நாலடி தூரத்தில் இருந்தது. காவலுக்கு யாரும் இல்லை. கேப்டன் கண்ணை மூடியிருந்தார். லாம்பர்ட் எடோவுக்கு அருகிலேயே, கழுத்தில் சிவந்த தடத்தோடு, ஆற்றைப் பார்த்து நின்றார். எடோ ஓடலாம். ஒரே தள்ளில் கிழவரைத் தண்ணீரில் தள்ளலாம். நான் கத்த வேண்டும். என்னால் முடியவில்லை. கொலைகாரன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான், நான் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிஷம் கிடையாது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

எடோ பலகையைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன்.

பிறகு அவரும் தலையைக் குனிந்தார். ஐம்பத்தேழு வருஷப் பழக்கம். அவராலும் அசைய முடியவில்லை.

பாலத்தில் ரயில் நகர ஆரம்பித்தபோது கேப்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு எடோவின் கையை மறுபடி பிடித்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

லாம்பர்ட் மைக்கின் முன்னால் போய் நின்றார். காகிதம் எதுவும் இல்லை.

"அந்த மச்சுல யூதங்க மூணு பேர் ஒளிஞ்சிருந்தாங்க," என்றார். "நான்தான் பால் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதனால பேர் தெரியும். ஆப்ரம் போலாக். அவர் சம்சாரம் ஹென்ரியெட். அவங்க பொண்ணு லேயா, ஆறு வயசு. ஜனவரி பதினெட்டாம் தேதி பிடிச்சுட்டுப் போனாங்க. யாரும் திரும்பி வரல. அவங்க பேரு இந்த ஊர்ல எந்தக் கல்லுலயும் இல்ல."

அடுத்து வரப்போவதற்காக எடோ கண்ணை இறுக்கி மூடினார்.

"நாலாவது பேரு," என்றார் லாம்பர்ட், "லாம்பர்ட் கோஸ்டர். முந்தின நாள் சாயங்காலம் கரைமேட்டுல ஒருத்தர் சிப்பாய்ங்களுக்கு அந்த வீட்டைக் கையைக் காட்டினதைப் பார்த்தவன். பதினோரு வயசு. ஓடிப்போய் அந்த மூணு பேர்கிட்ட சொல்லியிருக்கலாம். அம்மாகிட்டதான் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டு வாசல்ல ஒரு சாக்கு உருளைக்கிழங்கு வந்துச்சு. வாயை மூடுன்னு அம்மா சொன்னாங்க. மூடிக்கிட்டேன். அந்தக் கிழங்கைத் தின்னுதான் நான் அந்தக் குளிர்காலத்துல பிழைச்சேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். என் பேரைச் சொல்லத்தான் வந்தேன்."

வில்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எதற்கும் கலங்காதவள்.

எடோ கண்ணைத் திறந்தார். "எங்கப்பா பேரு?" என்றார். "அதைச் சொல்லப் போறதில்லையா?"

"அது என் பேரு இல்ல," என்றார் லாம்பர்ட். "நான் சொல்ல மாட்டேன்."

அவர் மைக்கை விட்டு ஒதுங்கி நின்றார். கேப்டன் எடோவின் கையை விட்டார். யாரும் அவரைத் தள்ளவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அறுபது பேர் காத்திருந்தோம். கரைமேட்டில் அந்தப் பெண் சைக்கிளில் ஏறிப் போனாள்.

எடோ மைக்குக்கு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, மெல்லிய குரலில், தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.